அக்காவின் குரலுக்குப் பூட்டு

சிம்மக்கல்லில் எனக்கு ஒரு ஹார்டுவேர்ஸ் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் உண்டு என்றாலும் அதிகம் போவது பூட்டுதான். பூட்டு வாங்க வருகிறவர்கள் ஆயுள் முழுக்க என்னை எரிச்சல்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பூட்டோடும் மூன்று சாவி கொடுக்கிறோம். ஒன்றைக் கையில் வைத்துக்கொள், ஒன்றை வீட்டில் கொடு, ஒன்றைத் தங்கச்சி வீட்டிலோ மச்சான் வீட்டிலோ போட்டு வை என்பதற்குத்தான் மூன்று. அவர்களோ மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து, என் கண் முன்னாலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். பிறகு ஒருநாள் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார்கள்.

"அண்ணே, சாவி தொலஞ்சு போச்சுண்ணே."

"மூணுமா?"

"மூணும் ஒண்ணாத்தாண்ணே கெடந்துச்சு."

இவர்களைத் திட்டித் திட்டியே எனக்குத் தலை நரைத்தது. அப்படியிருக்க, என் சொந்தக் குடும்பமே என் அக்காவின் குரலை ஒரே வளையத்தில் கோத்து, யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தது.

அக்கா இருப்பது வில்லாபுரத்தில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில். முன்னறையில் கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கிரைண்டர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே முற்றிப்போன குரல் அவளுடையது. அவள் வாசலில் நின்று பேசினால் தெருமுனை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். டைப் அடிப்பது அவளுக்கு ஆகாது. மாவு வாங்குகிற பெண்களை எல்லாம் சேர்த்துப் போனில் ஒரு குரூப் வைத்திருந்தாள். சாயங்காலமானால் அதில் வாய்ஸ் மெசேஜ் வந்து விழும். "மாவு ரெடி. ஏனம் கொண்டாங்க. கவர்ல கேட்டா தரமாட்டேன். போன வாரம் தூக்குச்சட்டிய வச்சுட்டுப் போனது யாரு? சோறு திங்கிறீங்களா வேற எதையுமா?" இதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், இனி பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். அக்கா அழவில்லை. "உசுரு இருக்கும், வாய் இருக்காதாக்கும். பெறகு இந்தப் பயலுகள யாரு வையிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான்தான் வெளியே போய் அழுதேன்.

இந்த இடத்தில் என் மாப்ளையைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. காளவாசலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கேமரா மாட்டுவது, பிரிண்டர் ரிப்பேர் எல்லாம் பார்ப்பான். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவன்தான் ஒரு யோசனை சொன்னான். ஆப்பரேஷனுக்கு முன்னால் அக்காவைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டால், ஒரு மென்பொருள் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு அக்கா போனில் எதை டைப் அடித்தாலும் அது அவள் குரலிலேயே பேசும். அவனுக்குக் கோயில் கட்டலாம் போல இருந்தது எனக்கு.

என் வீட்டு மாடி அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு அக்காவை உட்கார வைத்தோம். மாப்ள கொண்டுவந்த வாக்கியங்களை அவள் வாசிக்க வேண்டும். 'எனக்குத் தண்ணீர் வேண்டும். இன்று வானிலை நன்றாக உள்ளது.' பாதியில் நிறுத்திவிட்டு, "வானிலையாம்ல! எவடா இப்பிடிப் பேசுறா? வெயில் மண்டையப் பொளக்குதுன்னு எழுத மாட்டியா?" என்றாள். "மதினி, அப்பிடியே வாசிங்க, மெஷினுக்கு எல்லா எழுத்தும் வேணும்" என்று மாப்ள கெஞ்சினான். சில நாள் சாயங்காலம் வேர்த்து ஊற்ற உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்தாள்.

கடைசி நாள் எங்களையெல்லாம் அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஏதோ பேசினாள். அத்தானுக்கு, மகளுக்கு, எனக்கு என்று ஆளாளுக்குத் தனித்தனியாக. வெளியே வந்து, "ஆப்பரேசன் முடிஞ்சு, கருப்பனுக்குக் கெடா வெட்டி நேத்திக்கடனக் கழிச்ச பெறகுதான் கேக்கணும். அதுக்கு முன்னாடி எவனாச்சும் கேட்டீங்க, கையக் கால ஒடச்சிருவேன்" என்றாள். மென்பொருள் வேலையும் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டாள். நேர்ந்துகொண்டதை முடிக்காமல் பலனை எடுப்பது அவளுக்கு ஆகாது.

மாப்ள எல்லாவற்றையும் மேகத்தில், அதுதான் கிளவுட் என்கிறார்களே, அதில் ஏற்றினான். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கை முன்பே தொடங்கி வைத்திருந்தான். எல்லாருடைய போட்டோவும் வீடியோவும் அதில்தான். ஒவ்வொருவர் போனையும் பிடுங்கி, ஏற்றிவிட்டு, "எடம் காலியாயிருச்சு பாருங்க" என்று துடைத்துக் கொடுப்பான். அக்காவின் பழைய போனையும் அப்படித்தான் துடைத்து எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தான். "போன் தொலஞ்சாலும் வீடே எரிஞ்சாலும் மேல பத்திரமா இருக்கும் மாமா" என்று கையை மேலே காட்டுவான். சாமியே வாடகைக்கு இடம் விட்ட மாதிரி ஒரு பெருமை அவன் முகத்தில்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா தேறி வந்ததும் நேர்த்திக்கடனுக்குப் போனோம்.

எங்கள் குலசாமியின் தாய்க்கோயில் மேற்கே, மலையடிவாரத்தில். முன்னோர்கள் பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்தபோது, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்து, கண்மாய்க்கரையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். பிடிமண் கோயில் என்று சொல்வோம். அங்கேதான் கிடா வெட்டினோம். ஆளுயர அருவாளைக் காணிக்கை வைத்தோம். பெண்கள் குலவை போட்டபோது அக்கா நாக்கைச் சுழற்றினாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்கள். அருவாள், ரத்தம், தலை, கறிச்சோறு, அதன் பக்கத்தில் சிரிக்கிற சித்தப்பா. மாப்ள அம்புட்டையும் சிரத்தையாக மேகத்தில் ஏற்றினான்.

மறுநாள் விடிவதற்குள் கணக்கு பூட்டிக்கொண்டது.

'கடுமையான விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். எந்த விதி, என்ன மீறல், ஒரு வார்த்தை கிடையாது. மாப்ள விதிகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "அருவாளையும் ரத்தத்தையும் பாத்து, கொலகாரக் கும்பல்னு மெஷின் நெனச்சிருச்சு போல மாமா" என்றான். அதுவும் அவன் ஊகம்தான்.

"சரி, அக்கா பேசுனது உன் கடைக் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"இருந்துச்சு மாமா. அதுவும் மேல உள்ளதோட சேந்தது. இங்க ஃபைல் பேரு மட்டும் தெரியுது, தொட்டாத் தொறக்க மாட்டேங்குது."

"உன் போன்ல?"

"எடம் காலி பண்ணிட்டேன்."

மூணும் ஒண்ணாத்தாண்ணே கெடந்துச்சு! கையில் கிடைத்த ஸ்பேனரைத் தூக்கினேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துக் கீழே வைத்துவிட்டேன்.

முறையீடு செய்யலாம் என்று திரையில் ஒரு பட்டன் இருந்தது. இது குலதெய்வ வழிபாடு, உள்ளே பேச முடியாத ஒரு மனுஷியின் குரல் இருக்கிறது, போட்டோ எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதி அனுப்பினோம். நான் டீ குடித்து டம்ளரைக் கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'மறுபரிசீலனை செய்தோம். முடிவில் மாற்றமில்லை. தங்கள் பொறுமைக்கு நன்றி.' பொறுமையாம்! யார் பொறுமையாக இருந்தது? மறுபடி அனுப்பினோம், அதே வரிகள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எனக்குக் கரண்ட் ஆபீஸ் தெரியும். கார்ப்பரேஷன் தெரியும். ரேஷன் கடையும் தெரியும். எங்கே தப்பு நடந்தாலும் போய் நின்று சத்தம் போட ஒரு ஜன்னல் இருக்கும். அந்தப் பக்கம் ஒரு ஆள் முறைப்பார். நாமும் முறைப்போம். பக்கத்தில் நிற்கிறவர் "விடுங்கண்ணே" என்பார். கடைசியில் ஏதோ ஒரு வழி பிறக்கும். சண்டை போட ஆளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அந்தக் கம்பெனிக்கு வாசல் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. எங்கள் அக்காவின் குரலை வாங்கி வைத்துக்கொண்டவனின் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை. ஆனை வாயில் போன கரும்பு ஆகிவிட்டது.

அக்காவிடம் சொன்னோம். போனில் எழுதிக் காட்டினாள். 'இருக்குறத வச்சுப் பேசிக்கிறேன்.'

இருந்தது, போனிலேயே வருகிற ஒரு பெண் குரல். தேன் ஒழுகும். பேங்கிலிருந்து போன் செய்து "வணக்கம் சார்" என்று ஆரம்பிக்குமே, அந்தக் குரல். அக்கா டைப் அடிக்கிறாள்: 'ஏண்டா கூறுகெட்டவனே, மல்லி வாங்கச் சொன்னா புதினாவையா வாங்கிட்டு வருவ?' அதை அந்தக் குரல் ஒரு வாழ்த்து மடல் போல நிறுத்தி நிதானமாக வாசிக்கிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாவு வாங்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். கையைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அக்கா என்னைத் திட்டாமல் ஒரு வாரம் போனது. அம்மா இறந்த வாரத்துக்குப் பிறகு அப்படி ஒரு வாரத்தை நான் கண்டதில்லை. சிரித்துத் தொலைத்தோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வழி பிறந்தது மாவுச் சட்டியோடு வந்த ஒரு பெண்ணால். அக்கா உள்ளே மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அந்தப் பெண் போனை நோண்டிக்கொண்டே நின்றவள் எதையோ அழுத்த, "மாவு ரெடி. ஏனம் கொண்டாங்க" என்று அக்காவின் குரல் அதிலிருந்து வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. சாயங்காலம் ஆனா இதக் கேட்டுட்டுக் கெளம்பியே பழகிப்போச்சு. அதான் பழசப் போட்டுக் கேட்டுக்கிட்டு வாரது."

"உங்கிட்ட எம்புட்டும்மா இருக்கு?"

"என்னத்தக் கண்டேன். நான் எதையும் அழிக்கிறதில்ல."

மறுநாளே மாப்ளையும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒருத்தி எல்லாவற்றையும் அழித்திருந்தாள். ஆனால் அவள் அழித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி வைத்திருந்தாள். ஒரு போன் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது. அதில் இருந்தது அவள் மாமியார் போனிலும் இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவனியாபுரத்துக்குக் குடிபோன ஒரு அம்மா, குரூப்பை விட்டே வெளியேறிய பிறகும் பழைய வசவை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. யாருக்கும் இது பொக்கிஷம் என்று தெரியாது. ஒரு கதவு பூட்டியிருந்தால் அடுத்த கதவு திறந்திருந்தது. வில்லாபுரம் பூராவும் அக்கா சிதறிக் கிடந்தாள்.

கேட்கக் கேட்க ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. "பூட்டு வேணும்னா எந்தம்பி கடையில வாங்காதீங்க. நாலு புத்தி சொல்லாம சாவியக் குடுக்க மாட்டான்" என்று ஊருக்கே அறிவித்திருக்கிறாள்! எத்தனை யாவாரம் போயிருக்குமோ.

அன்று கண்மாய்க்கரை வழியாக வண்டியில் வரும்போது பிடிமண் கோயிலைப் பார்த்து நிறுத்தினேன். சில வருஷத்துக்கு முன்னால், முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் அடித்துக்கொண்டு, தாய்க்கோயிலை அதிகாரிகள் வந்து பூட்டிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே தேங்காய் உடைத்தார்கள். நாங்கள் எப்போதும்போலப் பொங்கல் வைத்தோம். இங்கே இருப்பது பாதிக் கருப்பன், அங்கே இருப்பதுதான் முழுக் கருப்பன் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. ஒரு பிடி மண் எங்கே போனதோ அங்கே சாமி முழுசாக இருக்கிறார். ஒரு பூசாரி கோபித்துக்கொண்டால் இன்னொரு பூசாரி மணியடிக்கிறார். சாமி விஷயத்தில் இம்புட்டுச் சூதானமாக இருந்த கூட்டம், குரலையும் போட்டோவையும் மட்டும் ஏன் ஒரே பூசாரியிடம் கொண்டுபோய்க் கொட்டியது? இதை மாப்ளையிடம் அங்கேயே சத்தமாகக் கேட்டேன். விஷயம் அவன் மண்டைக்குள் போயிருந்தது.

பத்து நாள் கழித்து, டிபன் டப்பா அளவில் நான்கு கறுப்புப் பெட்டிகளோடு வந்தான். ஒன்று என் கடைக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு, ஒன்று அவன் கடைக்கு, ஒன்று செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற பெரியப்பா மகனுக்கு. எந்தப் பெட்டியில் எதைப் போட்டாலும் அது துண்டு துண்டாகி, துண்டுக்குத் துண்டு பூட்டப்பட்டு, நான்கு வீட்டுக்கும் பிரிந்து போகும். பெரியப்பா மகன் பெட்டியை உடைத்துப் பார்த்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. நான்கில் எந்த இரண்டு உயிரோடு இருந்தாலும் முழுசையும் திரும்ப எடுத்துவிடலாம். எங்கேயோ இருக்கிற ஒரு மெஷின் எங்கள் அருவாளைப் பார்த்துப் பயந்துபோய்க் கதவைச் சாத்த முடியாது. "சாவி?" என்றேன். "மூணு மாமா. மூணு பேருகிட்ட" என்றான். முதல் தடவையாக அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

இதிலும் தலைவலி இல்லாமல் இல்லை. பெரியப்பா மகன் மருந்தடிக்கிற மெஷினுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று பெட்டியின் வயரைப் பிடுங்கிவிடுவான். போன் செய்து கத்துவேன். "அட போப்பா, கத்திரிக்காய்ல புழு விழுந்து கெடக்கு, நீ என்னமோ பொட்டி பொட்டிங்குற" என்பான். அக்கா வீட்டில் கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போய் பெட்டி படுத்துவிடும். பழைய மேகத்தில் இந்தத் தொல்லைகள் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பெட்டி படுத்தால் மற்றவை நிற்கின்றன. வயரைப் பிடுங்கியவனை எனக்குத் தெரியும். கிளம்பிப் போய் வைதுவிட்டு, அவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

பொறுக்கி எடுத்த குரலை மென்பொருளில் போட்டான் மாப்ள. கிரைண்டர் சத்தத்தை வடிகட்டப் படாத பாடு பட்டான். முழுசாகப் போகவில்லை, அடியில் லேசாக ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இன்னொரு கூத்து, அதற்குக் கிடைத்த தீனி பூராவும் வசவு. அதனால் அக்கா எதை டைப் அடித்தாலும் வைகிற தொனியில்தான் வருகிறது. 'நல்லா இருக்கியாப்பா' என்று அடித்தால், நல்லா இருந்துவிட்டாயா நீ என்பது போலக் கேட்கிறது. முதல் தடவை அதைக் கேட்டதும் அத்தான் பயந்து எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே குரூப்பில் மாவு ரெடி ஆனது.

அந்தக் கணக்கு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு எனக்கென்று பேசியது அதற்குள் இருக்கிறது. அதன் பிடிமண் எந்த வீட்டிலும் இல்லை, எந்தப் போனிலும் இல்லை. அவள் தொண்டையால் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதை நான் கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

போன வாரம் கடையை அடைத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டே விட்டேன்.

"அன்னைக்கி எனக்கு என்னக்கா சொன்ன?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலே பட்டனை அழுத்தினாள். அடியில் கிரைண்டர் ஓட, அவளுடைய குரலிலேயே அது என்னை அதட்டியது.

"மாவு தீந்து போச்சு. நாளைக்கி வா."

மறுநாளும் போனேன்.